முன் அனுபவமும் சாலேம்விளை அசனமும்

அக்டோபர் 3, வியாழன்

போதகர் குடியிருக்கும் சாலேம்விளைக் குருமனைக்கு இன்று காலை பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். பெட்டிகள் ஒன்பது, மூட்டைகள் நான்கு. கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை மாசிலாமணி வீட்டைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். குளியலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. "அது முந்தின ஐயர் இருக்கும்போதே வராதுங்கய்யா" என்றார். இந்த ஊரில் போதகரை இன்னும் ‘ஐயர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

பேராயரின் கடிதத்தை மத்தியானம் மறுபடி வாசித்தேன். "உங்களுடைய கடந்தகால ஊழிய அனுபவம் இந்தப் புதிய தலைமைப் பொறுப்புக்கு உங்களை ஆயத்தப்படுத்தியிருக்கிறது என்று நம்புகிறேன்" என்று எழுதியிருக்கிறார். எந்த அனுபவம் என்று எழுதவில்லை. நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சபையிலோ, முந்தின போதகர் போன வருஷத்து அசன விருந்து நடந்த சில வாரங்களிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். இங்கே மூன்று மாதம் தலைமை ஏற்க என்னிடம் என்ன இருக்கிறது என்பதை நானே சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆகவே கீழ்க்கண்ட குறிப்புகள். ஒவ்வொன்றையும் சோதித்து இந்த நோட்டில் எழுத உத்தேசம்.

1. இறையியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் கிரேக்கம் கற்பித்தேன். பிரசங்கத்துக்கு உதவும்.

2. பேராயரின் டயோசிஸ் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள். சட்டதிட்டப் புத்தகம் மனப்பாடம். எந்தத் தகராறுக்கும் அதில் ஒரு விதி உண்டு.

3. ஐந்து கிராமச் சேகரங்களில் போதகர் வேலை. சண்டை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்து மாற்றல் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

4. காது கேளாதோர் பள்ளியில் பள்ளிப் போதகரான சாப்ளினாகப் பதினொரு ஆண்டுகள். அங்கே யாரும் என்னிடம் சத்தம் போட்டதில்லை. கையால் பேசிக்கொண்டோம். சபை நடத்துவதற்கு இந்த அனுபவத்தால் பயன் எதுவும் இல்லை. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறேன்.

5. உடல்நிலை. வயது அறுபத்தெட்டு. வலது முழங்காலில் வலி. கண்ணில் புரை எடுத்தாயிற்று. காதில் குறை எதுவும் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

குழாய் ரிப்பேர்காரர் வரவில்லை. இந்த ஊர்ச் சேவல்கள் கூவுவதில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் ஆராதனை. கீழத்தெருக்காரர்கள் வலப்பக்கம், மேலத்தெருக்காரர்கள் இடப்பக்கம். நடுவில் நான்கு பாய் அகலத்துக்கு வெறுந்தரை. குடும்பம் குடும்பமாக இப்படிப் பிரிந்து உட்காரும் சபையை நான் பார்த்ததில்லை.

முதல் குறிப்பைச் சோதித்தேன். ‘ஒருமனப்பட்டு’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்தைப் பதினெட்டு நிமிடம் விளக்கினேன். ஆராதனை முடிந்ததும் பால்துரை என்பவர் வந்தார். மேலத்தெருவின் தலைவர், பலசரக்குக் கடைக்காரர், நல்ல உயரம். குனிந்து என் முகத்துக்கு நேராக, "ஐயா, அந்தக் கிரேக்க வார்த்தைய எங்களுக்குச் சொன்னீங்களா, அவனுவளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இருவருக்கும் என்றேன். முகம் வாடிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துக் கீழத்தெருத் தலைவர் ஞானதிரவியம் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவரும் அதையே கேட்டார். அவருக்கும் அதே பதில், அதே வாட்டம்.

கமிட்டிச் செயலாளர் ஜாய்ஸ் டீச்சர் காபி குடித்துக்கொண்டே முழு விவரமும் சொன்னார். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இங்கே அசனம் உண்டு. சுற்றுவட்டாரத்திலிருந்து இரண்டாயிரம் பேர் வந்து ஒரே பந்தலில் சாப்பிடுவார்கள். தாத்தா காலத்திலிருந்தே சோறு கீழத்தெரு ஆண்கள் பொங்க வேண்டும், கறி மேலத்தெரு ஆண்கள் வைக்க வேண்டும். போன வருஷம் சோறு இரண்டு மணிக்கு வந்தது. கறி நாலரைக்கு வந்தது. இரண்டரை மணி நேரம் ஜனங்கள் இலையில் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்ச் சம்பந்திமார்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மேலத்தெருக்காரர்களுக்குக் கறி வைக்கத் தெரியாது என்றார்கள் கீழத்தெருவில். எங்களை அவமானப்படுத்தத்தான் சோற்றைச் சீக்கிரம் இறக்கினார்கள் என்றார்கள் மேலத்தெருவில். அன்று தொடங்கியது. பத்து மாதமாக ஒரு கமிட்டியும் முழுதாக நடந்து முடியவில்லை.

"இந்த வருச அசனம் ஒண்ணா நடக்கலைன்னா மேலத்தெரு தனியா ஆராதனை வைக்கப் போறாங்கய்யா. ஷெட்டே போட்டாச்சு. தகரம் மட்டும் அடிக்கணும்" என்றார் டீச்சர். பண்டிகை நவம்பர் பதினாறு. நாற்பத்தோரு நாள் இருக்கிறது.

மாலையில் நடந்து போய் ஷெட்டைப் பார்த்தேன். பலமான தூண்கள்.

அக்டோபர் 9, புதன்

மாலை ஆறரைக்குக் கோயிலை ஒட்டிய வெஸ்டிரி அறையில் கமிட்டி. பதினொரு பேர். ஆரம்ப ஜெபம் அமைதியாக நடந்தது. ஆமென் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் சட்டதிட்டப் புத்தகத்தைத் திறந்து பதினான்காம் விதியின் இரண்டாம் பிரிவை வாசித்தேன். மறுபடி வாசித்தேன். அந்த விதி, தலைவர் பேசும்போது மற்றவர்கள் அமைதி காக்க வேண்டும் என்பது. அதை யாருக்கும் கேட்கும்படி வாசிக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு தவறு செய்தேன். எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டேன். அணைத்து, போட்டு, அணைத்து, போட்டேன். பள்ளியில் பிள்ளைகள் இங்கே பார்க்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்வோம். கூப்பிட்டுப் பயனில்லையே. பதினொரு ஆண்டுப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. வெஸ்டிரி டியூப் லைட் பழையது. இரண்டாம் தடவை போட்டபோது உடனே எரியாமல் பத்து விநாடி மினுக்கிக்கொண்டிருந்தது. எரிந்தபோது பதினொரு பேரும் வாயை மூடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதிரவியம் பாதி எழுந்தவர் அப்படியே நின்றிருந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் பார்க்கிறார்களே என்று, "ஒவ்வொருவராக விளக்குக்குக் கீழே வந்து நின்று, என்னைப் பார்த்துப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த அறையின் மின்விசிறி மிகவும் சத்தம் போடுகிறது. முகத்தில் வெளிச்சம் விழுந்தால் புரிந்துகொள்வது எளிது.

ஞானதிரவியம் முதலில் வந்தார். ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்றேன். "மேலத்தெருக்காரங்க போன வருசம் கறியை ரெண்டரை மணி நேரம் பிந்திக் கொண்டு வந்தாங்கய்யா" என்றார். அதிலும் பாதி மின்விசிறியில் போய்விட்டது. இன்னொரு தடவை கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "கறி கொஞ்சம் பிந்திட்டுய்யா" என்றார். ஜாய்ஸ் டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார். முதல் தடவை அவர் என்ன சொன்னார் என்பது டீச்சரின் நோட்டில் அடித்திருந்த வரியிலிருந்து பிறகுதான் தெரிந்தது. அது "கறி வைக்கத் தெரியாத பயலுவ" என்று தொடங்குகிறது. மீதியை எழுத மனம் வரவில்லை.

பால்துரை பதில் சொல்லப் பாய்ந்து வந்தார். விளக்குக்குக் கீழே நின்றதும் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை போலும். "ஆமா, பிந்திட்டு" என்றார். அவரையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். எட்டு மணிக்குக் கமிட்டி முடிந்தது. தீர்மானம் எதுவும் இல்லை. ஆனால் முடிவு ஜெபம் நடந்தது. பத்து மாதத்தில் இதுவே முதல் தடவை என்று டீச்சர் சொன்னார்.

அக்டோபர் 10, வியாழன்

பேராயருக்கு ராஜினாமாக் கடிதம், முதல் வரைவு. சபைத் தலைவனாக இருப்பவன் விளக்கை அணைத்து விளையாடினான் என்ற பேச்சு வருமுன் நானே போய்விடுவது கௌரவம். என் மனைவி சொர்ணத்திடம் வாசித்துக் காட்டினேன்.

"பள்ளிக்கூடத்துப் புத்தியக் காட்டிட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு, "ஏங்க, பேசினவங்க எல்லாரையும் மூணு தடவை சொல்லச் சொன்னீங்களாமே, கேக்கலையா?" என்றாள். மின்விசிறியைப் பற்றி விளக்கினேன். "அந்த ரூம்ல பேன் ஓடி ரெண்டு வருசமாச்சுன்னு மாசிலாமணி சொல்லுதாரு" என்றாள்.

மாசிலாமணிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது.

சொர்ணம் எப்போதும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறவள். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

குழாய் சரியாயிற்று. திறந்தால் மூடவில்லை.

அக்டோபர் 23, புதன்

இரண்டாம் கமிட்டி. நான் உள்ளே நுழைந்து சுவிட்ச் பக்கம் திரும்பியதுமே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றத்தான் திரும்பினேன்.

இரண்டாம் குறிப்பின்படி அசனம் சம்பந்தமான விதியைத் தேடியிருந்தேன். சட்டதிட்டப் புத்தகத்தில் கல்லறை மதில் உயரத்துக்குக்கூட விதி இருக்கிறது. சோறு, கறி இரண்டும் இல்லை. ஆகவே கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பால்துரை பேச வந்தார்.

"ஒரு நிமிடம்" என்றேன். "ஞானதிரவியம் இத்தனை நாளாகச் சொல்வதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவர் சரி என்று தலையசைத்த பிறகு உங்கள் பேச்சு."

இதை ஏன் சொன்னேன் என்று யோசிக்கிறேன். அறையில் பேசுவது எனக்குத் துண்டு துண்டாகத்தான் வருகிறது. இன்னொருவர் வாயால் மறுபடி வந்தால் நல்லது என்று பட்டது. பள்ளியிலும் இதே வழக்கம்தான். ஒரு பையன் கையால் சொன்னதை அடுத்தவன் கையால் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் பதில் சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள்.

"அவரு சொன்னத நான் எதுக்குய்யா சொல்லணும்?" என்றார் பால்துரை.

"சொல்லேன் மச்சான், வாய் வலிக்கா?" என்றார் ஞானதிரவியம். பால்துரையின் தங்கையைத்தான் இவர் கட்டியிருக்கிறார். பத்து மாதத்தில் மச்சான் என்று கூப்பிட்டது இப்போதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

பால்துரை என்னைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பது போலச் சொன்னார். "கீழத்தெருவுல காலம்பர ஏழு மணிக்கு ஐயர் வந்து ஜெபம் பண்ணினாங்க. ஏழு அஞ்சுக்கு அடுப்பு பத்த வச்சாங்க. ரெண்டு மணிக்குச் சோறு எறங்கிட்டு. போதுமா?"

"பன்னெண்டு மூட்டை அரிசின்னும் சொன்னேன்" என்றார் ஞானதிரவியம்.

"பன்னெண்டு மூட்டை."

தலையசைத்தார். பால்துரை தம் கதையைச் சொன்னார், யாரும் குறுக்கிடவில்லை. அடுத்து ஞானதிரவியம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு வழக்கத்தை எழுதிவைக்க வேண்டும்: ஐயர் வந்து ஜெபம் செய்யாமல் அசன அடுப்பில் நெருப்பு வைக்க மாட்டார்கள். சோற்று அடுப்பு கோயிலுக்குக் கிழக்கே தென்னந்தோப்பில். கறி அடுப்பு மேற்கே பள்ளி மைதானத்தில். ஐயர் அங்கே ஒரு ஜெபம், இங்கே ஒரு ஜெபம் செய்ய வேண்டும்.

ஞானதிரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேலத்தெருக்காரங்க ஆறு மணிக்கே கறி வெட்டி, மசாலா அரைச்சு, விறகு அடுக்கி ரெடியா நின்னாங்க. ஐயர் ஒன்பதரைக்கு வந்து ஜெபம் பண்ணினாங்க. அதுக்கு அப்புறம் அடுப்பு பத்த..." அங்கே நிறுத்திவிட்டார். "ஏ மச்சான், ஒன்பதரைக்கா வந்தாங்க?"

"பத்து மாசமா அதத்தானவே கத்திக்கிட்டுக் கெடக்கேன்" என்றார் பால்துரை.

"நீ கத்துனது யாருக்குக் கேட்டுச்சு? நானும்லா கத்திக்கிட்டுக் கெடந்தேன்."

ஏழு மணிக்குக் கிழக்கே ஜெபம் செய்த ஐயர், இருநூறு அடி தள்ளியிருக்கும் மேற்கு அடுப்புக்கு வர இரண்டரை மணி நேரம் என்ன செய்தார்? ஐயரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராததால் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஜாய்ஸ் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞானதிரவியம் அண்ணாச்சி வீட்டுல இடியாப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நாந்தான் தேங்காய்ப்பால் பரிமாறினேன். அண்ணாச்சி சம்சாரம் விடவே இல்ல."

எல்லோரும் ஞானதிரவியத்தைப் பார்த்தார்கள். அவர் மேலே டியூப் லைட்டைப் பார்த்தார்.

"எந்தங்கச்சி இடியாப்பமா?" என்றார் பால்துரை மெதுவாக. அவர் மெதுவாகப் பேசியும் எனக்குப் புரிந்தது. முகம் நேராக இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

சண்டை தீர்ந்தது என்று நேற்று படுத்தேன். தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்த வருஷம் ஐயர் முதலில் எங்கள் அடுப்புக்குத்தான் வர வேண்டும் என்று மேலத்தெரு கேட்கிறது. தாத்தா காலத்திலிருந்து கிழக்குதான் முதலில் என்று கீழத்தெரு சொல்கிறது. ஷெட்டுக்குத் தகரம் வந்து இறங்கிவிட்டது. மூன்றாம் குறிப்பின் அனுபவப்படி இது மாற்றல் கேட்க வேண்டிய நேரம். ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு மாற்றல் கிடையாது.

ராஜினாமா, இரண்டாம் வரைவு. முதல் வரைவைவிடச் சுருக்கமாக வந்திருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

இரவெல்லாம் இடி என்கிறாள் சொர்ணம். எனக்கு நல்ல உறக்கம்.

நவம்பர் 6, புதன்

மூன்றாம் கமிட்டி. எந்த அடுப்பு முதலில்? இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒவ்வொருவராக, விளக்குக்குக் கீழே நின்று, முந்தினவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். நடுவில் யாரோ குறுக்கே பேசியபோது ஞானதிரவியமே எழுந்து சுவிட்சைத் தட்டினார். ஒழுங்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்காகவே ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் சொர்ணம் வீட்டில் சொல்லியிருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஒலிபெருக்கில ஒரே ஜெபமா பண்ணிருங்க. நடக்கவும் வேண்டாம், உங்க முழங்காலுக்கும் நல்லது" என்பது அவள் யோசனை. கோயில் முகப்பில் ஒரு மைக். கிழக்கே ஒரு குழாய், மேற்கே ஒரு குழாய். ஆமென் என்றதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருப்பு. யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. அது தவறுதான்.

"ஆமென் சொல்லுததுக்கு முன்னாலயே அவங்க பத்த வச்சிட்டா?" என்று பால்துரை கேட்டார்.

"எங்க அடுப்புகிட்ட ஒன் ஆள நிறுத்து. ஒன் அடுப்புகிட்ட எங்க ஆளு நிக்கட்டும்" என்றார் ஞானதிரவியம்.

இரண்டு வேவுகாரர்களை நியமித்து ஒரு சபைக் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றுவது சரியா என்று சட்டதிட்டப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. ஷெட்டைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்குச் சோறும் கறியும் சேந்து வரட்டும்யா, பாப்போம்" என்றார் பால்துரை. பண்டிகைக்கு மறுநாள் தகரம் அடிப்பதற்கு ஆசாரிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாராம்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. மாசிலாமணி மணியடிப்பதைக் குறைத்துவிட்டாரா என்று கேட்டேன். வழக்கம்போல முப்பத்து மூன்று தடவை அடிப்பதாகச் சத்தியம் செய்கிறார். மணியில் விரிசல் இருக்க வேண்டும்.

நவம்பர் 16, சனி. பிரதிஷ்டைப் பண்டிகை

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

5.30. தூறல். இரண்டு பக்கமும் கோட்டை அடுப்புகளில் விறகு அடுக்கி, மேலே தகரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேற்கே பிடித்திருந்தது ஷெட்டுக்கு வாங்கிய தகரம்.

6.40. மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லை. ஜெனரேட்டர் ஒன்பது மணிக்குத்தான் வரும் என்றார்கள். ஒன்பது மணி என்றால் போன வருஷத்துக் கதைதான், இந்தத் தடவை சோறும் பிந்தும்.

6.50. யாரோ, "ஐயா முதல்ல மேற்க போயிருங்க" என்றார்கள். யாரோ, "அதெப்படி?" என்றார்கள். எந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் நாளைக்கு இரண்டு சபை.

ஆகவே எந்தப் பக்கமும் போகாமல் மணிக்கூண்டு ஏறினேன். முப்பத்தோரு படி. முழங்காலைப் பற்றி இங்கே எழுதவில்லை. மேலே ஒரு சிறிய திறந்த மாடம் உண்டு. அங்கிருந்து தென்னந்தோப்பும் தெரிந்தது, மைதானமும் தெரிந்தது. கிழக்கே ஐம்பது முகம், மேற்கே ஐம்பது முகம், எல்லாம் என்னைப் பார்த்திருந்தன. ஒவ்வொரு அடுப்பின் பக்கத்திலும் எதிர்த்தெருவின் ஆள் ஒருவர் காவல்.

7.00. உரக்க ஜெபம் செய்தேன். கீழே எல்லோரும் காதுக்குப் பின்னால் கையை வைத்து நின்றார்கள். காற்று சத்தத்தைக் கடல்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருந்தாலும் முழு ஜெபத்தையும் சொல்லி, ஆமென் சொல்லிக் கையை இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் தீக்குச்சி கிழித்தார்கள்.

ஆமென் அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்று எனக்கு விளங்கவில்லை. இறங்கி வந்த பிறகு சொர்ணம் சொன்னாள். "கையாலயே பண்ணிட்டீங்க. அரிசி, நெருப்பு, ஜனங்க, எல்லாரும் சேந்து, நன்றி. பள்ளிக்கூட அசெம்பிளியில பண்ணுத மாதிரியே." மாசிலாமணி நான் காக்கை விரட்டுகிறேன் என்று நினைத்தாராம். ஞானதிரவியம், "கை மேல இருக்குதவரை ஜெபம், எறங்குனா ஆமென், இது கூடவா தெரியாது?" என்று சொல்லியிருக்கிறார். வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொல்லியிருக்கிறேன். பழக்கதோஷம்.

7.04. இதுதான் முக்கியம். கிழக்கே நெருப்பு பிடித்துவிட்டது. மேற்கே பிடிக்கவில்லை. விறகு நனைந்திருந்தது. தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கிழித்தார்கள். கீழத்தெருவின் வேவுகாரர் மைதானத்திலிருந்து தோப்புக்கு ஓடினார். நான் மாடத்தின் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கிழக்கில் சிரிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான், தகரம் அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஞானதிரவியம் வேட்டியை மடித்துக் கட்டினார். எரிகிற தென்னஞ்சூட்டுப் பந்தம் ஒன்றைத் தம் அடுப்பிலிருந்து இழுத்தார். அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, கோயில் வாசல் வழியாக மேற்கே ஓடினார். அறுபத்து மூன்று வயது. பின்னால் நாலைந்து பேர் காய்ந்த விறகைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். நான் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் மேற்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஞானதிரவியம் மூச்சு வாங்க நின்றார்.

"ஒன்கிட்ட யாருவே நெருப்பு கேட்டா?" என்றார் பால்துரை.

"நீ கேக்க மாட்டவே. இன்னைக்கும் கறி பிந்தினா எம்பொண்டாட்டி இடியாப்பத்தத்தான் குத்தம் சொல்லுவ. அந்தப் பேச்சாலதான் அவ இருபது நாளா எங்கூடப் பேசல. ஊது, ஊது, ஏன் பாத்துக்கிட்டு நிக்க?"

பால்துரை குனிந்து ஊதினார்.

2.10. சோறும் கறியும் பந்தலுக்கு ஒரே நேரத்தில் வந்தன. சரியாகச் சொன்னால், கறி இரண்டு நிமிடம் முன்னால் வந்தது. மேலத்தெருக்காரர்கள் அதைச் சோற்றுக்காகப் பந்தல் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள், சத்தமாகச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டாயிரத்து நூறு இலை. உப்பு சற்றுத் தூக்கல். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஆராதனையில் நடுவிலிருந்த வெறுந்தரையில் ஒரு பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஷெட்டில் அசனப் பாத்திரங்களை அடுக்கிப் பூட்டியிருக்கிறார் பால்துரை. ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஆராதனை முடிந்து அவரும் ஞானதிரவியமும் ஜாய்ஸ் டீச்சரும் குருமனைக்கு வந்தார்கள். என்னை மூன்று மாதத்தோடு அனுப்பாமல் இங்கேயே வைக்கும்படி பேராயருக்கு மனு எழுதியிருக்கிறார்கள். இரண்டு தெருவிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், நூற்று எண்பத்தாறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னுடைய கிரேக்கமோ, சட்டதிட்ட அறிவோ ஏதோ ஒன்று அவர்கள் மனதைத் தொட்டிருக்கிறது என்று நினைத்தேன். டீச்சர் என் முகத்துக்கு நேராக நின்று மனுவை வாசித்தார். நகல் என்னிடம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட பகுதி இது:

"எலியேசர் ஐயர் அவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதை முதல் கமிட்டியிலேயே இரண்டு தெருவாரும் அறிந்துகொண்டோம். ஆகையால் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமலும், மரியாதைக் குறைவாகப் பேசினால் மூன்று தடவை சொல்ல வேண்டிவரும் என்பதால் மரியாதையாகவும் பேசப் பழகியிருக்கிறோம். காது நல்ல ஐயர் வந்தால் இந்தப் பழக்கம் விட்டுப்போகும். எனவே காது நல்ல ஐயர் யாரையும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "தப்பா எடுத்துக்காதீங்கய்யா" என்றார் பால்துரை. "ஒரு வருசத்துல நானும் இவரும் மொதமொதல்ல ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

சொர்ணம் காபி கொண்டுவந்தவள், தூத்துக்குடியில் காது டாக்டர் ஒருவர் இருப்பதாகவும், இப்போதெல்லாம் சின்ன மெஷினாக வருகிறது என்றும் சொன்னாள். ஞானதிரவியம் அவசரமாகக் கையை ஆட்டினார். "மெதுவாப் பாக்கலாம் ஐயரம்மா. டிசம்பர் கமிட்டி முடியட்டும். கிறிஸ்மஸ் பஜனை எந்தத் தெருவுல தொடங்கணும்னு பேச வேண்டியது இருக்கு."

அவர்கள் போன பிறகு ராஜினாமா வரைவுகள் இரண்டையும் கிழித்தேன். அக்டோபர் மூன்றாம் தேதிக் குறிப்புகளை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தேன். பேராயருக்குப் பதில் எழுதுமுன் அவை சரியாக இருக்க வேண்டும். கிரேக்கம், சட்டதிட்டம், கிராமச் சேகரங்கள், பள்ளிக்கூடம் பற்றி எழுதியிருக்கும் முதல் நான்கிலும் திருத்துவதற்கு எதுவும் தென்படவில்லை. உடல்நிலை பற்றிய ஐந்தாவது தவறு.